வைஃபை விட்டுவிட்டு வருகிறதா? ரீசெட் பொத்தானில் கை வைக்கும் முன்

வீட்டில் இன்டர்நெட் படுத்தினால் எல்லார் வாயிலும் வருவது "வைஃபை வரல" என்பதுதான். தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் ஃபைபர் லைன் ஒன்று. ரவுட்டரிலிருந்து போனுக்குக் காற்றில் வரும் சிக்னல் வேறொன்று. கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதைச் செய்தாலும் காசும் நேரமும்தான் கரையும். லைன் கோளாறுக்குப் புது ரவுட்டர் வாங்குகிறார்கள். சுவர் தடுக்கும் சிக்னலுக்காக 100 எம்பிபிஎஸ் பிளானை 300-க்கு ஏற்றுகிறார்கள். பிளானை ஏற்றினால் சுவர் வழிவிடாது.

முதலில் மோடத்தின், அதாவது ஃபைபர் ஒயர் வந்து சேரும் பெட்டியின், விளக்குகளைப் பாருங்கள். பல வீடுகளில் ரவுட்டரும் அதே பெட்டிதான். எல்.ஓ.எஸ். (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஃபைபர் வழியாக ஒளி வந்து சேரவில்லை. அப்போது ரவுட்டர் செட்டிங்கில் எதை மாற்றியும் பயனில்லை. சுவரோரம் ஃபைபர் ஒயர் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா, பீரோவை நகர்த்தும்போது மாட்டிக்கொண்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். கழன்ற ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

விளக்குகள் ஒழுங்காக எரிந்தும் விட்டுவிட்டு வருகிறதென்றால், பத்து நிமிடத்தில் முடியும் ஒரு சோதனை இருக்கிறது. எந்த அறையில் தொல்லையோ அங்கேயே லேப்டாப்பை வைத்து, கமாண்ட் விண்டோ (கட்டளையைத் தட்டச்சு செய்யும் திரை, விண்டோஸில் cmd) இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு பிங் கொடுங்கள், அதாவது ping என்று அடித்து இடம் விட்டு முகவரியை அடியுங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். பெரும்பாலும் ரவுட்டர் முகவரி 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். இன்னொன்றில் 8.8.8.8-க்கு, அது வெளியே இன்டர்நெட்டில் இருக்கும் கூகுளின் சர்வர். விண்டோஸில் கடைசியில் இடம் விட்டு -t என்று சேர்த்தால் நிற்காமல் ஓடும். வீடியோ தேங்கும் அந்த நொடியில் இரண்டையும் பாருங்கள். ரவுட்டரிலிருந்து 2, 3 மில்லிசெகண்டில் வந்துகொண்டிருந்த பதில் திடீரென்று 300, 800 என்று தாவினால், அல்லது பதிலே வராமல் போனால், கோளாறு வீட்டுக்குள், காற்றில். ரவுட்டர் சீராகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க 8.8.8.8 மட்டும் அறுந்தால் பெரும்பாலும் லைனில், அல்லது கம்பெனி பக்கம். இதைச் செய்யாமல் ரவுட்டர் கடைக்குப் போகவே கூடாது என்பேன்.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ஸ்விட்சை அணைத்து அரை நிமிடம் விட்டுப் போடுவது ரீஸ்டார்ட், அதில் ஆபத்தில்லை. பின்பக்க ஓட்டைக்குள் ஊசியை விட்டு அழுத்துவது ரீசெட். பல இணைப்புகளில் கம்பெனி போட்டுவைத்த யூசர் நேமும் பாஸ்வேர்டும் அதோடு அழிந்துவிடும். பிறகு ஆள் வரும்வரை அரைகுறையாக வந்ததும் வராது.

அடுத்து, ரவுட்டர் இருக்கும் இடம். நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். லைன் போட வந்தவர் வாசல் பக்கம் துளை போட்டிருப்பார். ரவுட்டரும் அங்கேயே டிவிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள், அல்லது பார்க்க நன்றாக இல்லை என்று லாஃப்ட் மேல் ஏறிவிடும். இரும்பு பீரோ சிக்னலைத் திருப்பி அடிக்கும், கம்பி கட்டிய கான்கிரீட் தளம் விழுங்கும், மீன் தொட்டித் தண்ணீரும் அப்படியே. வைஃபை வரும் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும், ஆனால் இரண்டு சுவர் தாண்டினாலே தளர்ந்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் தூரம் போகும். கடைசி அறையில் படுத்துக்கொண்டு 5-ஐப் பிடித்து வைத்திருப்பதில் லாபமில்லை. ஃபைபர் ஒயரைக் கொஞ்சம் நீட்டி வீட்டின் நடுவே, தலை உயரத்தில், திறந்தவெளியில் ரவுட்டரை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாமல் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள்.

சிக்னல் வராத அறையிலேயே ரிப்பீட்டரை (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி) மாட்டுவது இன்னொரு வழக்கம். தனக்கே சிக்னல் கிடைக்காத ரிப்பீட்டர் பிறருக்கு எதைக் கொடுக்கும்? பாதி வழியில், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே அனுப்பும் மலிவு ரகத்தில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மாடிக்கு லேன் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் வேலையை மட்டும் செய்யும்படி) போடுவதே நிரந்தரத் தீர்வு. கேபிளை கிரிம்ப் செய்து முனையில் பிளக் பொருத்துபவரிடம் எட்டுக் கம்பியும் சேர்ந்திருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். 200 எம்பிபிஎஸ் பிளானில் ஸ்பீட் டெஸ்ட் 94-ஐத் தாண்ட மறுத்தால், ஒரு கம்பி விட்டுப்போயிருக்கலாம், அல்லது கேபிள் மாட்டும் போர்ட்டே 100-க்கு மேல் தாங்காததாக இருக்கலாம்.

அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் தொல்லை. 2.4 அலைவரிசை சேனல் என்னும் பாதைகளாகப் பிரிந்திருக்கும். அதில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. போனில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபை அனலைசர் ஆப்பில் பார்த்து, கூட்டம் குறைந்ததை ரவுட்டர் செட்டிங்கில் போடுங்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே விடுங்கள். 40 வைத்தால் பக்கத்து வீட்டுச் சேனலிலும் போய் மோதும். சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் அறுந்தால் காரணம் தெளிவு: அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது.

கரண்ட் விஷயத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபைபர் மோடமும் ரவுட்டரும் தனித்தனிப் பெட்டியாக இருக்கும் வீட்டில் ரவுட்டருக்கு மட்டும் மினி யுபிஎஸ் போட்டால், கரண்ட் போனதும் வைஃபை பெயர் போனில் தெரியும், இன்டர்நெட் வராது. இரண்டுக்கும் பவர் வேண்டும். ரவுட்டர் தானாகவே அணைந்து அணைந்து எரிந்தால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். மாற்றும்போது வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது.

கம்பெனிக்குப் புகார் செய்யும்போது "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்று முடித்துவிடுவார்கள். எந்த நேரத்தில் அறுந்தது, அப்போது எந்த விளக்கு என்ன நிறம், லேன் கேபிளில் நேராக மாட்டிப் பார்த்தபோதும் அறுந்ததா, பிங்கில் எது நின்றது என்று குறித்து வைத்துச் சொல்லுங்கள். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.