கரையில் பிடித்த நண்டா? பின்னங்காலைப் பாருங்கள்

கடற்கரையில் நண்டு கிடைத்தால், சமைக்கலாமா என்று தெரிய முதலில் அதன் கடைசி ஜோடிக் கால்களைப் பாருங்கள். நம் சந்தைகளில் விற்கும் நீல நண்டு, முதுகில் மூன்று செம்பொட்டு உள்ள முக்கண் நண்டு, சிலுவை நண்டு, கழிமுகச் சேற்று நண்டு எல்லாவற்றுக்கும் அந்தக் கால்கள் துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும்.

ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் பவளப் பாறை இடுக்குகளில் வேறு நண்டுகள் உண்டு. பின்னங்கால் கூராக இருக்கும், ஓடு விசிறி வடிவில் வழவழப்பாகவோ புடைப்புகளுடனோ இருக்கும், கொடுக்கு நுனி பெரும்பாலும் கறுத்திருக்கும். அழகாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். இவற்றில் சில, ஆளைக் கொல்லும் நஞ்சுடையவை. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தின்றபின் உதடும் நாக்கும் மரத்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அடையாளத்தில் சந்தேகம் வந்தால் உள்ளூர் மீனவரிடம் காட்டுங்கள். அவரும் தயங்கினால் கடலிலேயே விட்டுவிடுங்கள்.

வயிற்று மடலின் அடியில் மஞ்சள் முட்டைக் கொத்து இருந்தால், தயவுசெய்து அந்த நண்டையும் கடலிலேயே விட்டுவிடுங்கள். செத்துக் கிடந்த நண்டு வேண்டவே வேண்டாம். உயிருள்ளதில், கையில் கனமாக இருப்பதே சதைப்பற்றானது. ஓட்டைத் திறந்ததும் இருபுறமும் விரல் போல நீளும் சாம்பல் நிறச் செவுள்களைப் பிய்த்தெறிந்துவிட்டு, மிளகைத் தாராளமாகத் தட்டிப் போடுங்கள்.