வாய் நாற்றத்துக்குச் சைனஸ்தான் காரணமா? நாம் செய்யும் தவறுகள்

பல் தேய்த்த அரை மணி நேரத்தில் மறுபடியும் வாய் நாறுகிறது. தொண்டைக்குள் எந்நேரமும் சளி இறங்குகிற மாதிரி இருக்கிறது. இரண்டும் சேர்ந்துவிட்டால் "எல்லாம் சைனஸ்" என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் உறுதி செய்யாமல் வைத்தியத்தில் இறங்குவதுதான் முதல் தவறு. என்னைக் கேட்டால் மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நாற்றம் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே பிறக்கிறது. நாக்கின் பின்பகுதியில் மாவு போலப் படியும் படிவு, ஈறு நோய், பல் இடுக்கு ஆகியவைதான் முக்கிய இடங்கள். அங்கிருக்கும் பாக்டீரியா புரதத்தைச் சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் வெளிவருகின்றன. மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் என்ற காற்றறைகளில் வரும் அழற்சி இதற்குத் துணைபோகிறது. மூக்கின் பின்புறமாக வழியும் சளி நாக்கின் பின்பகுதியில் தங்கி அந்தப் பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. மூக்கடைத்தால் வாயால் மூச்சுவிடுகிறோம். வாய் உலர்ந்து, எச்சில் செய்ய வேண்டிய கழுவும் வேலை நின்றுபோகிறது. அதனால் சைனஸ் இருப்பவரும் நாக்கின் பின்பகுதி வரை தினமும் மெதுவாக வழிக்கத்தான் வேண்டும்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு வீட்டிலேயே பார்க்கலாம். உதட்டை மூடி மூக்கால் மூச்சுவிடுங்கள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் விடுங்கள். இரண்டையும் நெருக்கமான ஒருவரை முகரச் சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், தெரிகிறது. ஆனால் உள்ளங்கையில் ஊதி நாமே முகர்வதை நம்ப முடியாது, நம் வாடை நம் மூக்குக்குப் பழகிவிடும். மூக்கு வழியாக மட்டும் நாற்றம் வந்தால், மூக்கையும் சைனஸையும் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள், கன்னத்துக்குப் பின்னால் இருக்கும் சைனஸின் தரையை ஒட்டியே இருக்கின்றன. ஒரு வேரில் சீழ் பிடித்தால் அது சைனஸுக்குள் ஏறிவிடலாம். ஒரு மூக்குத் துளையில் மட்டும் கெட்ட வாடையும் சளியும் வருவது இதற்கான முக்கிய அடையாளம். அந்தப் பல் வலிக்காமலே கூட இருக்கலாம். பல்லைச் சரிசெய்யாமல் சைனஸுக்கு எவ்வளவு மருந்து எடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும். எனவே "மூக்குப் பிரச்சினைதானே" என்று பல் மருத்துவரைத் தவிர்க்காதீர்கள். சிறு குழந்தைக்கு ஒரு துளையில் மட்டும் நாற்றச் சளி வந்தால், உள்ளே மணியோ பஞ்சோ சிக்கியிருக்கலாம். நீங்களாகக் கிளறாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பட்டன் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மவுத்வாஷ் வாடையைக் கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான். ஆல்கஹால் கலந்ததாக இருந்தால் வாயை இன்னும் உலர்த்தும்.

மூக்கடைப்புக்குப் போடும் சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்துகளில் கவனம் தேவை. போட்ட சில நிமிடங்களில் மூக்கு திறந்துவிடும், அந்தச் சுகம்தான் ஆபத்து. சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்து இறங்கியதும் முன்பைவிட மோசமாக அடைக்கும். மருத்துவர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயில் நேர்மாறான தவறு நடக்கிறது. இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். அது முழுதாக வேலை செய்யச் சில வாரங்கள் கூட ஆகலாம். மூக்கின் நடுச்சுவரில் படாமல், சற்று வெளிப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை விழுங்குவதும் வேண்டாம். திடீரென வரும் சைனஸ் அழற்சி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதை ஆன்டிபயாடிக் தொடாது.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம். ஆனால் குழாய் நீரை அப்படியே விடாதீர்கள். நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிரையே பறித்துவிடும். அது அரிதுதான், ஆனாலும் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சோம்பல்பட அது காரணமாகாது. குறைந்தது 1 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறிய நீரை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு சுமார் 9 கிராம் உப்பு போதும்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வையில் மாற்றம், கடும் தலைவலியோடு காய்ச்சல், கழுத்து விறைப்பு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி மூக்கடைப்பும் சளியும் 12 வாரங்களைத் தாண்டினால் அது நாள்பட்ட சைனஸ் அழற்சியாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அங்கே போயும் மூக்கடைப்பை மட்டும் சொல்லிவிட்டு, வெட்கத்தில் நாற்றத்தைச் சொல்லாமல் திரும்புகிறவர்கள் உண்டு. எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், மூக்கிலா வாயிலா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பல்லைப் பார்ப்பதா, ஸ்கேன் எடுப்பதா என்று அவர் முடிவெடுக்க அந்தத் தகவல்தான் உதவும்.