கத்திரி வெயிலில் மீன் தொட்டித் தண்ணீர் சூடாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மீன் வளர்க்க ஆரம்பித்த முதல் கோடை. கத்திரி தொடங்கி நாலைந்து நாள் இருக்கும். மதியம் பார்த்தால் என் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தன. பசி என்று நினைத்துத் தீனி போட்டேன், சீண்டவே இல்லை. தண்ணீரில் விரல் வைத்துப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. பதறிப்போய் ஃப்ரிட்ஜிலிருந்து இரண்டு ட்ரே ஐஸை எடுத்து அப்படியே கவிழ்த்தேன். ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது, மறுநாள் காலை அது இல்லை.

பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது என்னிடம் இருந்தது 10 லிட்டர் குண்டு ஜாடி. அரைக் கிலோ ஐஸ் அந்தத் தண்ணீரைச் சில நிமிடத்தில் ஐந்தாறு டிகிரி இறக்கிவிடும். சூட்டைத் தாங்கிக்கொண்டிருந்த மீனை நான்தான் குளிரில் தள்ளியிருக்கிறேன். இப்போது இருப்பது 2 அடி தொட்டி, சுமார் 55 லிட்டர். நான் சென்னையில் இருப்பதால் இங்கே சொல்வதெல்லாம் சென்னை வெயிலுக்குப் பார்த்தது.

முதலில் ஒரு தெர்மாமீட்டர்

கொளத்தூர் பக்கம் போனால் எந்த மீன் கடையிலும் கிடைக்கும். கண்ணாடியின் வெளியே ஒட்டும் ஸ்டிக்கர் வேண்டாம், அறைச் சூட்டையும் சேர்த்துக் காட்டும். தண்ணீருக்குள் ரப்பர் கப்போடு ஒட்டுவதை வாங்குங்கள். காலை ஆறு மணி, மதியம் மூன்று மணி, இரவு பத்து மணி என்று மூன்று நாள் குறித்துவையுங்கள். கப்பி, மோலி எல்லாம் 24 முதல் 28 வரை சுகமாக இருக்கும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், 24-ஐத் தாண்டினாலே அதற்கு அவ்வளவாகப் பிடிக்காது. டிஸ்கஸ் வளர்ப்பவர் என்றால் 28, 30-தான் அதற்கு வேண்டியதே, அதனால் இந்தப் பதிவில் உங்களுக்கு அவ்வளவாக வேலையில்லை.

சூட்டை விட ஆக்சிஜன்தான் பெரிய சிக்கல். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரம் சூட்டில் மீனின் உடம்பு வேகமாக ஓடுவதால் அதற்குத் தேவையும் கூடிவிடுகிறது. மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான்.

உள்ளே போகும் சூட்டை நிறுத்துங்கள்

காசே செலவில்லாத வேலை இது. ஹீட்டர் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், தானாக நின்றுவிடும் என்று நம்பவேண்டாம். ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தால் திரை போடுங்கள். விளக்கு காலையும் மாலையும் போதும். மேல் மூடியை எடுத்துவிட்டு, கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள். வலை மீன் துள்ளி விழாமல் இருக்க மட்டுமில்லை, எங்கள் வீட்டில் பல்லி இரண்டு தடவை உள்ளே விழுந்திருக்கிறது.

அப்புறம் ஃபேன்

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. தொட்டிக்கும் அதே வித்தைதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால், 55 லிட்டர் தொட்டியைப் பத்து டிகிரி குளிர்விக்கும் அளவுக்கான சூடு அதோடு வெளியேறுகிறது. அறையிலிருந்து சூடு திரும்பத் திரும்ப உள்ளே வந்துகொண்டே இருப்பதால் முழுசாக அத்தனை டிகிரி இறங்காது. சென்னைப் புழுக்கத்தில் எனக்கு இரண்டு, மூன்று டிகிரி இறங்குகிறது. மதுரை, வேலூர் மாதிரிக் காற்று காய்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகவே வேலை செய்யும்.

சாதாரண டேபிள் ஃபேனே போதும். காற்று கண்ணாடியில் அடிக்கக்கூடாது, தண்ணீரின் மேற்பரப்பைச் சாய்வாகத் தடவிக்கொண்டு போகவேண்டும், லேசாகச் சிற்றலை எழும்பினால் கோணம் சரி என்று அர்த்தம். நான் ரிச்சி தெருவில் வாங்கிய 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை, பழைய ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரில் இணைத்து, தொட்டி விளிம்பில் கேபிள் டை போட்டுக் கட்டியிருக்கிறேன். எதுவானாலும் வயர் பிளக்கை விடக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறும்படி விடுங்கள். வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. ஏர் பம்ப்பை இரவு பகலாக ஓடவிடுங்கள்.

குறைந்த தண்ணீரை எதைக் கொண்டு நிரப்புவது?

புதிதாக வளர்ப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஃபேன் போட்டால் தொட்டியில் தண்ணீர் தினமும் கண்ணுக்குத் தெரிந்தே இறங்கும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பெல்லாம் தொட்டியிலேயே நிற்கும். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி நிரப்பினால் ஒரு மாதத்தில் உப்பு ஏறிக்கொண்டே போய், கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகக் கோடு விழும். அதனால் ஆவியான அளவை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். ஆனால் வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது முழுக்க ஆர்.ஓ. கூடாது, அதில் தாது உப்பு மிகக் குறைவு, தொட்டியின் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மை) நிலையில்லாமல் ஆடும். நான் பாதி ஆர்.ஓ., பாதி குளோரின் போக்கிய குழாய்த் தண்ணீர் என்று கலக்கிறேன்.

அந்த ஆர்.ஓ. தண்ணீரை முந்தின இரவே ஒரு பழகிய மண்பானையில் ஊற்றிவைத்து, காலையில் ஒரு சொம்பு சொம்பாக ஊற்றுவேன். மொட்டைமாடி டேங்க் தண்ணீரை மதியத்தில் பிடித்துவிடாதீர்கள், அது குளிப்பதற்கே சுடும்.

ஐஸ் பாட்டில், அவசரத்துக்கு மட்டும்

தெர்மாமீட்டர் 32-ஐத் தாண்டினால் இது. அரை லிட்டர் பாட்டிலில் ஒரு விரல் இடம் விட்டு ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பி (உறைந்தால் விரியும்), உறையவைத்து, வெளியே கழுவி, மூடியோடு மிதக்கவிடுங்கள். 55 லிட்டருக்கு ஒரு பாட்டில் சுமார் ஒரு டிகிரிதான் இறக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான், மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கவேண்டாம். ஜாடியில் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யாதீர்கள், என் கதைதான் ஆகும்.

தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் வாங்கலாமா என்று கேட்பார்கள். கப்பிக்கு அது தண்டச் செலவு. தொட்டியிலிருந்து எடுத்த சூட்டை அதே அறையில்தான் துப்பும், அப்புறம் நமக்கு வேர்க்கும்.

தீனியைப் பாதியாக்கி காலையில் மட்டும் போடுங்கள். மிச்சமானது சூட்டில் சீக்கிரம் அழுகி அம்மோனியா ஏறும், சூட்டில் அந்த அம்மோனியாவின் விஷமும் அதிகம்.

கரண்ட் போய்விட்டால் ஃபேனும் இல்லை, பம்ப்பும் இல்லை. அப்போது ஒரு மக் எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது மக். கை வலித்தால் வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம், கொஞ்ச நேரத்தில் தரையெல்லாம் தண்ணீராகியிருக்கும், மீன் கீழே இறங்கியிருக்கும்.