நுனி வெட்டாத சவரக்கத்தி: என் அனுபவம்

ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் செய்த பழைய மடக்குச் சவரக்கத்தி. அடிப்பக்கம் சுகமாக வெட்டியது. நுனிப்பக்கம் மட்டும் தாடி மயிரைப் பிடித்து இழுத்தது. 8000 கிரிட் தீட்டுக்கல் இதற்கு உதவாது (கிரிட் எண் கூடக்கூடக் கல் நுண்மையாகும்). அது மெருகேற்றும் கல். விளிம்பின் சரிவைத் திருத்த 1000 கிரிட்தான் வேண்டும்.

கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடி மேல் விரித்த வாட்டர் பேப்பரில் (நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) கோடுகள் அழியும்வரை தேய்த்துச் சமமாக்கினேன். பிறகு விளிம்பு நெடுக மார்க்கர் மை பூசி, லேசாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு பக்க நுனியில் மை அப்படியே நின்றது. கத்தியில் மெல்லிய முறுக்கு. அந்த இடம் கல்லைத் தொடவே இல்லை.

அதனால் விளிம்பு முன்னே போக, அடியிலிருந்து நுனிக்குக் குறுக்காக இழுத்து, முடிவில் பாரத்தை மெல்ல நுனிக்கு மாற்றினேன். முதுகு எப்போதும் கல்லிலேயே இருக்கவேண்டும். கோணத்தைக் காப்பதே அதுதான். (சமையல் கத்தியைத் தூக்கித் தீட்டும் பழக்கம் இங்கே ஆகாது.) அழுத்தவும் கூடாது.

மை முழுக்கப் போனதும் 4000, 8000. கடைசியாகத் தோல்வாரில், இம்முறை முதுகு முன்னே போக. இப்போது நுனியும் முன்கை மயிரை இழுக்காமல் வெட்டுகிறது.