லைட்ஸ் அவுட் புதிரைத் துணியில் தைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1995இல் டைகர் எலக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட கையடக்கப் புதிர் ‘லைட்ஸ் அவுட்’. ஐந்துக்கு ஐந்தாக 25 விளக்குப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் அதுவும், மேலும் கீழும் இடமும் வலமும் அதை ஒட்டியுள்ள விளக்குகளும் நிலை மாறும்: எரிபவை அணையும், அணைந்தவை எரியும். எல்லாவற்றையும் அணைத்தால் வெற்றி. மின்கடத்தும் நூலால் தைக்க அருமையான ஆட்டம். ஆனால் துணிக்கேற்ப அதை மாற்றியே ஆக வேண்டும்.

பலரும் 25 கட்டங்களையும் தைக்கத் துணிகிறார்கள். விளக்குக்கு ஒன்று, பொத்தானுக்கு ஒன்று என்றால் 50 இணைப்புகள். ஆட்டத்தின் நிரலை ஏற்றி இயக்க, துணியில் தைப்பதற்கென்றே வந்த சிறு மின்னணுப் பலகை லிலிபேட் ஆர்டுயினோ. மின்இணைப்புக்கான இரண்டு போக அதில் இருப்பவை 20 முனைகள்தான். மூன்றுக்கு மூன்று போதும், 18 இணைப்புகளில் முடியும். இன்னொரு பெரிய நன்மையும் உண்டு: அதன் 512 நிலைகளுக்கும் விடை உண்டு. ஐந்துக்கு ஐந்தில் விளக்குகளைக் கண்டபடி எரியவிட்டால் நான்கில் மூன்று பங்கு நிலைகள் தீரவே தீராது. அப்படியொன்றைக் குழந்தையிடம் கொடுப்பது அநியாயம். 25தான் வேண்டுமென்றால், எல்லாம் அணைந்த நிலையிலிருந்து நிரலே சில கட்டங்களை அழுத்திக் கலைத்துவிடட்டும்.

நூலைச் செம்புக் கம்பியாக நினைப்பது அடுத்த தவறு. துருப்பிடிக்காத எஃகு நூலுக்கு மீட்டருக்குச் சுமார் 30 ஓம் மின்தடை இருக்கும். ஒன்பது எல்இடிகள் தலா 10 மில்லி ஆம்பியர் எடுத்து, 30 செ.மீ. நீளமுள்ள ஒரே நூல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பினால் ஏறத்தாழ 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதிக விளக்குகள் எரிய எரிய எல்லாம் மங்கும். எரிகிறதா, அணைந்ததா என்பதே புதிராக இருக்கும் ஆட்டத்தில் இதைப் பொறுக்க முடியாது. இப்படி எல்லா விளக்குகளும் பகிரும் பொதுப் பாதைக்கு நூலுக்குப் பதில் மின்கடத்தும் துணியைப் பட்டையாக வெட்டித் தையுங்கள்.

துணிப் பொத்தான் என்பது இரண்டு மின்கடத்தும் துண்டுகள், நடுவே துளையிட்ட ஃபெல்ட் எனும் தடித்த கம்பளித் துணி. ஒரே அழுத்தலில் இவை பலமுறை தொட்டு விலகும். இரண்டாக எண்ணப்பட்டால் விளக்கு மாறி, உடனே பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஆடுபவர் பொத்தான் கெட்டுவிட்டது என்றே நினைப்பார். முதல் தொடுதலுக்குப் பின் 50 மில்லி விநாடி வருவதை நிரல் பொருட்படுத்தக் கூடாது. மடியில் துணி மடங்கினாலும் பொத்தான் அழுந்தும் என்பதால் பின்னால் கனமான கேன்வாஸ் வையுங்கள்.

முடிச்சின் வால் பக்கத்து நூலைத் தொட்டால் குறுக்குச் சுற்றுதான். ஒட்ட நறுக்கிப் பசை தடவுங்கள்.

நாணய வடிவ பேட்டரியால் 90 மில்லி ஆம்பியரைத் தாங்க முடியாது; குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூன்று ஏஏஏ பேட்டரிகளைத் திருகாணியிட்ட பெட்டியில் வைத்து, இரண்டு உலோகப் பிரஸ் பட்டன்களால் துணியோடு இணையுங்கள். அவையே மின்சாரத்தையும் கடத்தும். துவைக்கும் முன் பெட்டியைக் கழற்றுவதும் எளிது.