டெட் சியாங்கை எங்கே தொடங்குவது?

1990 முதல் எழுதுகிற அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் டெட் சியாங்குக்கு இரண்டே தொகுப்புகள்: 2002இல் ‘ஸ்டோரீஸ் ஆஃப் யுவர் லைஃப் அண்ட் அதர்ஸ்’, 2019இல் ‘எக்ஸலேஷன்’. மொத்தம் பதினேழு கதைகள். ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று நானும் நினைத்தேன். மூன்றாம் நாளே தலை சுற்றியது. ஒரு நாளைக்கு ஒரு கதை போதும்.

இரண்டாவது தொகுப்பில் தொடங்குங்கள். முதல் கதையில் பாக்தாத் துணி வணிகர் ஒருவர் காலத்தைக் கடக்கும் வாசலைப் பார்க்கிறார். ஆயிரத்தொரு இரவுகள் பாணியில் கதைக்குள் கதை. அறிவியல் தெரியாதவரும் உள்ளே போய்விடலாம்.

அப்புறம் முதல் தொகுப்புக்கு வந்து ‘டவர் ஆஃப் பாபிலோன்’. கீழே வண்டியில் ஏற்றிய செங்கல் உச்சியைச் சேர நான்கு மாதம் ஆகிற கோபுரம் அது! ஏறுகிறவர்களோடு நமக்கும் மூச்சு வாங்கும்.

மூன்றாவதாக ‘ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்’. இதை வைத்து எடுத்த ‘அரைவல்’ படம் பார்த்திருந்தாலும் படியுங்கள். தாய் மகளிடம் பேசும் இடங்களில் வினைச்சொற்களைக் கவனியுங்கள்: எது நடந்தது, எது நடக்கப்போகிறது? நான் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தேன். முடித்ததும் முதல் இரண்டு பக்கங்களுக்குத் திரும்புங்கள், அதே வரிகள் வேறு மாதிரி வலிக்கும்.

இரண்டாவது தொகுப்பில் மென்பொருள் குழந்தைகளை வளர்க்கும் நெடுங்கதை ஒன்று உண்டு, அதை விடுமுறைக்கு வையுங்கள். நடுவில் கொஞ்சம் இழுக்கும்.

இரண்டு நூல்களிலும் கடைசியில் கதைக் குறிப்புகள் உண்டு. சரி, ஆசை வரும்தான். கதையை முடிக்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.