உலக முடிவுக்குத் திகதி குறித்துச் செய்தி வந்தால் கிறிஸ்தவர் செய்யவேண்டியவை

பெரிய கல்லாறில் ஒரு வீட்டுச் செபம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அக்கா தமது கைத்தொலைபேசியை என் காதருகே பிடித்து, வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்பதிவைக் கேட்கச் சொன்னார். யாரென்று தெரியாத ஓர் ஆண் குரல், அடுத்த மாதம் இன்ன திகதியில் இரகசிய வருகை, அதாவது இயேசு திடீரென வந்து தம் விசுவாசிகளை எடுத்துக்கொள்வது, நிகழும் என்றும், இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாதவர் அந்த ஆத்துமாக்களுக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும் என்றும் நடுக்கத்தோடு சொல்லி முடித்தது. நான் எதுவும் சொல்வதற்கு முன் அக்கா கேட்டார்: "தம்பி, அடகு வச்ச காப்ப மீட்கிற திகதி அதுக்குப் பிறகுதான் வருது. மீட்கத்தான் வேணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வெட்கமாக இருந்தது, ஏனெனில் அவர் கேட்டதுதான் உருப்படியான கேள்வி. குறித்த ஒரு நாளோடு உலகம் முடியும் என்று ஒருவர் நம்பத் தொடங்கினால், அந்த நம்பிக்கை முதலில் கைவைப்பது அவருடைய இறையியலில் அல்ல, அடகுச்சீட்டிலும் காணி உறுதியிலும் பிள்ளையின் படிப்பிலும்தான். ஆகவே இங்கே சொல்லப்படுபவை, அப்படியொரு செய்தி கைக்கு வந்த நிமிடத்திலிருந்து அந்தத் திகதி கடந்து அடுத்த ஞாயிறு வரையில் ஒரு விசுவாசியும் அவருடைய குடும்பமும் சபையும் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியவை.

முதலில் அது எச்சரிக்கையா, ஆரூடமா என்று பிரியுங்கள்

வேறு ஊர்களில் இந்தப் பிரிப்பு அவ்வளவு அவசியப்படாமல் இருக்கலாம்; மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இதுவே உயிர் காக்கும் பிரிப்பு. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2004 டிசெம்பர் 26, நத்தாருக்கு மறுநாளான ஞாயிறு காலையில், நாவலடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் கடல் வீடுகளுக்குள் வந்தது. அதற்குப் பின்வந்த வாரங்களில் முகாம்களில் சிலர் லூக்கா 21:25ஐத் திறந்து, "சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும்" என்று வாசித்து, முடிவு வந்துவிட்டது என்றே பேசினார்கள். கடல் வந்ததைக் கண்ணால் கண்ட மக்களிடம் முடிவு நாளைப் பற்றிப் பேசுவது இலகு. அதனாலேயே பேசுகிறவருக்கு இங்கே பொறுப்பு அதிகம்.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவான நிலநடுக்கம் ஏற்பட்டு, சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, கரையோரமெங்கும் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்குப் பக்கமாக ஓடியது. பெரிய அலை வரவில்லை. 2004இல் கடலடித் தட்டு மேலெழும்பி நீரைத் தள்ளியது போலல்லாமல், இம்முறை பாறைகள் பக்கவாட்டில் நழுவியதே அதற்குக் காரணம். அன்று ஓடியவர்கள் ஏமாந்தவர்கள் அல்லர். எச்சரிக்கை விடுத்தவர்களும் பொய்யர்கள் அல்லர். எச்சரிக்கை என்பதற்குப் பின்னால் ஒரு கருவியின் அளவீடு இருக்கும், அதை விடுத்தது யார் என்பது தெரியும், எங்கே போகவேண்டும் என்று அது சொல்லும், ஆபத்து நீங்கியதும் மீட்டுக்கொள்ளப்படும். ஆரூடத்துக்கு இந்த நான்கும் இராது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அழைத்து உறுதிப்படுத்தக்கூடியதென்றால் உடனே கீழ்ப்படியுங்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று கடற்கரையில் உட்கார்ந்திருப்பது விசுவாசமல்ல. அப்படி உறுதிப்படுத்த வழியில்லாத, கனவிலும் கணக்கிலும் மட்டும் நிற்கிற செய்தியென்றால் கீழே சொல்லப்படும் முறையில் நடவுங்கள்.

திகதி வரும்வரை காத்திராமல் சோதியுங்கள்

பலர் செய்யும் தவறு, "பொறுத்துப் பார்ப்போம், நடக்காவிட்டால் பொய்யென்று தெரியத்தானே போகிறது" என்று இருந்துவிடுவதாகும். அதற்குள் காணி கைமாறியிருக்கும். உபாகமம் 18:22 நடவாமற்போன தீர்க்கதரிசனத்தைக் கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று தீர்ப்பது உண்மைதான். ஆனால் நாள் குறித்துச் சொல்லப்படும் முடிவுக்கு நாம் அந்த அளவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" என்பது மத்தேயு 24:36. மாற்கு 13:32 இன்னும் ஒரு படி மேலே போய், குமாரனும் அறியார் என்கிறது. உயிர்த்தெழுந்த பிறகும் சீடர்கள் விடாமல் கேட்டபோது, காலங்களையும் வேளைகளையும் அறிகிறது "உங்களுக்கு அடுத்ததல்ல" என்று அப்போஸ்தலர் 1:7இல் பதில் கிடைத்தது. ஆகவே திகதி சொல்லப்பட்ட அந்தக் கணத்திலேயே சோதனை முடிந்துவிடுகிறது. "நாளும் நாழிகையும்தான் தெரியாது, மாதமும் வருடமும் தெரியலாம்" என்று ஒருவர் வாதாடினால், வேளைகளோடு காலங்களையும் சேர்த்தே கர்த்தர் மறுத்தார் என்பதைக் காட்டுங்கள். கல்முனையில் துணிக்கடை வைத்திருக்கும் என் முஸ்லிம் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, கியாமத் என்னும் இறுதி நாள் வரும் நேரம் அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும் என்பதைத் தங்கள் பிள்ளைகளும் சின்ன வயதிலேயே படிப்பதாகச் சொன்னார். நம் பிள்ளைகளுக்கு அதை நாம் அவ்வளவு திருத்தமாகப் படிப்பித்திருக்கிறோமா என்று அன்று எனக்கு ஐயம் வந்தது.

அதன் பிறகும் மனம் அடங்காவிட்டால், அந்தக் கணக்கையே தாளில் எழுதிப் பாருங்கள். இது நேரம் எடுக்கும் வேலை, ஆனால் பயத்தை இதைப்போல் தெளியவைப்பது வேறொன்றுமில்லை. 2011 மே 21ஆம் திகதியை அறிவித்த அமெரிக்க வானொலிப் போதகர் ஹரோல்ட் கேம்பிங்கின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆதியாகமம் 7:4இல் "இன்னும் ஏழுநாள்" என்று நோவாவுக்குச் சொல்லப்படுகிறது. 2 பேதுரு 3:8இல் கர்த்தருக்கு ஒரு நாள் ஆயிரம் வருஷம்போல இருக்கிறது. ஆகவே ஏழு நாள் என்பது 7,000 ஆண்டு. வெள்ளம் வந்தது கி.மு. 4990 என்று அவரே கணித்திருந்தார். அதிலிருந்து 7,000 ஆண்டுகளை எண்ணி, பூச்சிய ஆண்டு என்று ஒன்று இல்லாததால் ஒன்றைக் கூட்டினால் 2011 வருகிறது. கூட்டலில் பிழையில்லை. பிழை எங்கே என்று பார்க்க, பேதுருவின் நிருபத்தில் எட்டாம் வசனத்தோடு நிறுத்தாமல் ஒன்பதாம் வசனத்தையும் வாசிக்கவேண்டும்: ஒருவரும் கெட்டுப்போகக்கூடாது என்று கர்த்தர் நீடிய பொறுமையோடு இருப்பதைச் சொல்லவே பேதுரு அந்த ஒப்புமையைப் பயன்படுத்துகிறார். நாட்காட்டியால் தேவனை அளக்காதே என்று சொல்லவந்த வசனத்தையே அளவுகோலாக்கிவிட்டார்கள். அந்த "போல" என்ற சிறு சொல்லை மறந்ததற்கு, அவரை நம்பிய ஒருவர் தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஏறத்தாழ 140,000 டொலரை விளம்பரங்களுக்குக் கொட்டினார். மே கடந்ததும் திகதி ஒக்டோபர் 21 ஆக மாறியது; அதுவும் கடந்தது. 2012 மார்ச்சில் கேம்பிங் தாம் திகதி குறித்தது பாவம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டதைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமல்ல. அப்படி ஒப்புக்கொண்ட ஆரூடக்காரர்கள் மிகச் சிலரே.

இதே முறையில் வேறு கணக்குகளையும் திறந்து பார்க்கலாம். வில்லியம் மில்லர் என்ற பப்டிஸ்ட் போதகர் தானியேல் 8:14இன் 2,300 இராப்பகலை 2,300 ஆண்டுகளாக்கி, கி.மு. 457இலிருந்து எண்ணி, 1843ஐ அடைந்தார். அது பொய்த்ததும் அவருடைய இயக்கத்தினர் 1844 ஒக்டோபர் 22ஐக் குறித்தார்கள். அந்த ஆண்டு சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே வயலில் விட்டுவிட்டார்கள் என்று வாசிக்கும்போது, பெரும்போக அறுவடைக்கு நிற்கும் நம் வட்டைகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. இயேசுவின் உவமையில் வரும் அத்திமரம் என்றால் இஸ்ரவேல், அது துளிர்த்தது அந்த நாடு உருவான 1948, ஒரு சந்ததி 40 ஆண்டு, ஆகவே 1988 என்று ஒரு கணக்கும் பரவியது. லூக்கா 21:29 "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" என்கிறது. மற்றெல்லா மரங்களும் எந்தெந்த நாடுகள் என்று கேட்டால் அந்தக் கணக்குக்குப் பதில் இல்லை. பார்கோடு, தடுப்பூசி, அடையாள அட்டை ஆகியவற்றில் வெளிப்படுத்தல் புத்தகம் சொல்லும் மிருகத்தின் இலக்கமான 666ஐத் தேடும் செய்திகளுக்கு இவ்வளவு நேரம் செலவிடத் தேவையில்லை.

செய்தி சொல்பவரின் கைகளையும் பாருங்கள். தென்கொரியாவில் 1992 ஒக்டோபர் 28ஐக் குறித்த இயக்கத்தின் தலைவர், அந்த நாளுக்குப் பின்னர் முதிர்வடையும் முதலீட்டுப் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தது தெரியவந்து, மோசடிக்காகச் சிறைக்குப் போனார். கல்லாறு அக்காவின் அடகுச்சீட்டைப் போலவே அவரிடமும் பின்திகதியிட்ட தாள் ஒன்று இருந்திருக்கிறது. காணிக்கை கேட்கிறாரா, பயணம் ஏற்பாடு செய்கிறாரா, முன்பு வேறு திகதி சொல்லியிருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்பது பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவம் என்று மிரட்டினால், "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற 1 தெசலோனிக்கேயர் 5:21ஐ வாசித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

வீட்டிலும் சபையிலும்

திரும்பப் பெறமுடியாத எதையும் அந்தத் திகதியை நம்பிச் செய்யாதீர்கள்: காணியை விற்பது, வேலையை விடுவது, சேமலாப நிதியை எடுத்து யாருக்காவது கொடுப்பது, உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றாமல் பிள்ளையை மறிப்பது, பேசிமுடித்த கலியாணத்தைத் தள்ளிப்போடுவது, இன்சுலினையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்துவது. தெசலோனிக்கேயாவில் இதே தொல்லை பவுலின் காலத்திலேயே வந்தது. கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று பவுலின் பெயரிலேயே ஒரு போலிக் கடிதம் உலாவியிருக்கலாம் என்பதை இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் காட்டுகிறது. வட்ஸ்அப் குரல்பதிவுக்கு அதுதான் பாட்டன். அதற்கு அவர் கொடுத்த மருந்து மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது: அமைதலோடு வேலைசெய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். எனவே விதைக்கிற காலமென்றால் விதையுங்கள். சீட்டுக் கட்டுகிற நாளென்றால் கட்டுங்கள். செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பாமல் உங்களிடமே நிறுத்துங்கள். உங்களுக்கு அனுப்பியவருக்குத் தனியாக ஒரு அழைப்பு எடுங்கள்.

பயந்திருப்பவரிடம் வசனத்தால் அடிக்காதீர்கள். பெரும்பாலும் அந்தப் பயத்துக்குக் கீழே வேறொன்று இருக்கும்: கட்டமுடியாத கடன், வெளிநாட்டிலிருந்து அழைப்பெடுக்காத மகன், 2004இல் பறிகொடுத்த பிள்ளை. முடிவு வரட்டும் என்று ஏங்குகிறவர் பல வேளைகளில் ஒரு வலி முடியட்டும் என்றே ஏங்குகிறார். அவரிடம் வாதாடுவதைவிடத் தேநீர் வாங்கிக் குடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வருவது மேல். அதேபோல், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பில் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களிடம் அந்த மரணங்களை "கடைசிக்கால அடையாளம்" என்று ஒருபோதும் பேசாதீர்கள். கலங்காதிருங்கள், முடிவு உடனே வராது என்று கர்த்தர் மத்தேயு 24:6இல் சொன்னது இத்தகைய செய்திகளைக் கேட்கும்போதுதான்.

சிறுபிள்ளை வந்து, "அம்மா, நான் பாடசாலையால வரேக்க நீங்க வீட்ட இருப்பீங்களா?" என்று கேட்டால், நீண்ட விளக்கம் வேண்டாம். "இருப்பேன், சோறும் இருக்கும்" என்று சொல்லுங்கள். இயேசு வருவார் என்பதைப் பயமுறுத்தலாகச் சொல்லிப் பிள்ளையை வளர்ப்பது அந்த வருகைக்கே செய்யும் அவமரியாதை என்பது என் எண்ணம்.

போதகர்களும் பங்குத்தந்தையரும் இந்த விடயத்தில் மௌனம் காப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. திகதி கடந்தபின் பிரசங்கத்தில் கேலி செய்வதைவிட, கடப்பதற்கு முன்பே, பெயர் சொல்லாமல், இரண்டு வசனங்களோடு அறிவித்தல் நேரத்தில் சொல்லிவிடலாம். வருகையைப் பற்றியே பேசாமலிருப்பதும் பரிகாரமல்ல. விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் அவர் மீண்டும் வருவார் என்று அறிக்கையிடுகிறோம். கத்தோலிக்க வழிபாட்டில் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு நற்செய்தி மூன்று ஆண்டுச் சுழற்சியிலும் விழித்திருத்தலைப் பற்றியதே. நம்முடைய பீடங்களில் அது ஒழுங்காகப் பேசப்பட்டிருந்தால், யூடியூபில் யாரோ சொல்வதைக் கேட்க சனம் நள்ளிரவு வரை விழித்திருக்காது.

திகதி கடந்த பிறகு

அந்த நாளை நம்பியிருந்தவர் மறுநாள் காலையில் கடைக்குப் போகவே கூசுவார். முதல் ஞாயிறு சபைக்கு வரமாட்டார். அந்த வாரத்திலேயே அவர் வீட்டுக்குப் போங்கள். "நான் அப்பவே சொன்னேனே" என்பதை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுப் போங்கள். பணத்தை இழந்திருந்தால் எவ்வளவு, யாரிடம், ஏதாவது கைச்சாத்திட்டாரா என்று கேட்டு, ஏமாற்று நடந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யக் கூடவே போங்கள். வேலையை விட்டிருந்தால் முதலாளியிடம் அவருக்காகப் பேசுங்கள். சிலர் விசுவாசத்தையே விட்டுவிடுவார்கள், சிலர் புதிய திகதிக்குத் தாவுவார்கள். இரண்டையும் தடுக்கக்கூடியது, அவர் செய்யத் தெரிந்த ஒரு வேலையைச் சபையில் அவரிடம் மீண்டும் ஒப்படைப்பதுதான், அது கதிரை அடுக்குவதாக இருந்தாலும் சரி.

அக்காவிடம் நான் அன்று சொன்னது ஒன்றுதான்: சுவரிலிருக்கும் நாட்காட்டியில் இரண்டு திகதிகளையும் எழுதி வையுங்கள், ஆனால் காசைக் காப்புக்குச் சேருங்கள். இரண்டையும் எழுதினார். காப்பையும் மீட்டுவிட்டார், ஆனால் இரண்டு வாரம் பிந்தி. குரல்பதிவு சொன்ன நாள் கடக்கும்வரை காசு சேர்க்க அவருக்கு மனம் வரவில்லையாம். பிந்திய வட்டியை வங்கியில் தனியாகக் கட்டவேண்டியிருந்தது.